கடவுச்சீட்டு இல்லாமல் 340 நாடுகள்

2023 மே மாதம், டென்மார்க்கைச் சேர்ந்த தோர்பியோர்ன் பெடர்சன் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து மாலத்தீவில் இறங்கினார். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு மாலத்தீவு பக்கத்து ஊர் மாதிரி; விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். பெடர்சனுக்கோ அங்கே வந்து சேர ஏறக்குறைய பத்தாண்டு பிடித்தது. 2013 அக்டோபரில் கிளம்பும்போதே தனக்குத்தானே விதி வகுத்துக்கொண்டவர் அவர். விமானம் ஏறுவதில்லை, பயணம் முடியும்வரை வீடு திரும்புவதில்லை. பேருந்திலும் ரயிலிலும் சரக்குக் கப்பலிலுமாக உலகத்தைச் சுற்றினார். கொரோனா வந்து ஹாங்காங்கில் சுமார் இரண்டு ஆண்டு முடக்கிப் போட்டது. மாலத்தீவு அவர் கணக்கில் 203ஆவது நாடு, கடைசி நாடு.

இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இதே காரியத்தைச் செய்ய முயன்றவர்களின் பாடு இன்னும் பெரிது. விசா கேட்காத நாடுகள் நமக்குக் குறைவு. அப்படியும் காசி சமத்தார் என்ற இந்தியர் 194 நாடுகளை 6 ஆண்டு 10 மாதம் 7 நாளில் சுற்றி முடித்துக் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். கேரளத்தில் 'சஞ்சாரம்' தொலைக்காட்சித் தொடர் மூலம் வீட்டுக்கு வீடு உலகத்தைக் கொண்டுவந்த சந்தோஷ் ஜார்ஜ் குளங்கரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தவர்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் வங்கிக் கணக்கைப் பார்த்தால் பெருமூச்சுதான் வரும். ஆனால் இதே வேட்டைக்கு இன்னொரு வழி இருக்கிறது. விசா வேண்டாம், டிக்கெட் வேண்டாம். இரண்டு தென்னைமரம் இருந்தால் போதும்.

ஹாம் வானொலிக்காரர்களைத்தான் சொல்கிறேன். அரசிடம் உரிமம் வாங்கி, தன் வீட்டிலிருந்தே உலகம் முழுக்கப் பேசுகிற பொழுதுபோக்கு வானொலியாளர்கள் இவர்கள். இவர்களில் ஒரு கூட்டத்துக்கு ஒரே பித்து: பூமியில் உள்ள ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒருவரையாவது வானலையில் பிடித்துவிட வேண்டும். 'யேமன் கிடைச்சாச்சா?', 'இல்லை, இன்னும் வொர்க் பண்ணலை' என்றுதான் இவர்கள் பேச்சு ஓடும்; வானலையில் பிடிப்பதற்குத்தான் 'வொர்க்' என்று பெயர். இந்தியாவில் நிலையங்களின் அழைப்புக் குறி 'வி.யூ.' என்று தொடங்கும்; திருவனந்தபுரத்து மொட்டைமாடிகளிலும் அப்படிச் சில உண்டு. 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான எளிய ஆன்டெனா என்பது ஐந்து ஐந்து மீட்டராக இரண்டு செப்புக் கம்பி, நடுவில் ஒரு கேபிள், அவ்வளவுதான். மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டி, நூறு வாட் கொடுத்தால் பிரேசில் வரை போகும். நூறு வாட் என்பது அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று தின்னும் மின்சாரம்.

பேச்சும் நீளாது. ஒரு அரிய தீவிலிருந்து குரல் கேட்டதும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தங்கள் குறியைக் கத்துவார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே உங்கள் குறியின் கடைசி இரண்டு எழுத்தை அந்தப் பக்கத்து ஆள் திருப்பிச் சொன்னால் போதும், முதுகில் சில்லிட்டுப் போகும். 'ஐம்பத்தொன்பது' என்று ஒலித்தரம் சொல்வார். நீங்களும் 'ஐம்பத்தொன்பது, நன்றி' என்பீர்கள். சில நொடிகளில் ஒரு நாடு முடிந்தது. பிறகு கியூ.எஸ்.எல். அட்டை என்ற தபால் அட்டை வர வேண்டும்: தேதி, உலகப் பொது நேரம், அலைவரிசை, இருவரின் குறி, கையெழுத்து. அட்டை வராவிட்டால் நாடு கணக்கில் ஏறாது. இப்போது இணையம் வழியாகவும் உறுதிசெய்துகொள்ளலாம். ஆனாலும் பழைய ஆட்கள் அட்டையைத்தான் நம்புவார்கள்.

சரி, மொத்தம் எத்தனை நாடு? இங்கேதான் வேடிக்கை. ஐக்கிய நாடுகள் சபையில் 193 உறுப்பினர்கள். வாடிகனையும் பாலஸ்தீனத்தையும் சேர்த்தால் 195. கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவில் 211. ஹாம்களின் பட்டியலில் 340! 1935இல் கிளின்டன் டிசோட்டோ என்ற அமெரிக்கர், வானொலியில் பிடித்த நாடுகளை எப்படி எண்ணுவது என்று ஒரு கட்டுரை எழுதினார். புவியியல் அடிப்படையிலோ அரசியல் அடிப்படையிலோ தனியாக நிற்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு நாடு என்பது அவர் வகுத்த கணக்கு. அமெரிக்க வானொலிச் சங்கம் நடத்தும் 'டி.எக்ஸ்.சி.சி.' பட்டியல் அதிலிருந்து வளர்ந்தது. அதன்படி மேற்கு மலேசியா ஒரு நாடு, கிழக்கு மலேசியா இன்னொரு நாடு. நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகக் கட்டடமும் தனி நாடுதான். இந்தியாவுக்கு மட்டும் மூன்று இடம்: பெருநிலம், அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு.

பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட நாடுகளின் வரிசையைப் பார்த்தால் நம் வரலாறே கிடக்கிறது. 1954 வரை பிரெஞ்சு இந்தியா ஒரு நாடு. அதாவது கடலூர்க்காரர் ஒருவர் அப்போது புதுச்சேரியோடு வானொலியில் பேசியிருந்தால் வெளிநாடு ஒன்று கணக்கில் ஏறியிருக்கும். கோவா ஒரு நாடு, டாமனும் டையூவும் இன்னொரு நாடு. 1961இல் போர்ச்சுகீசியர் வெளியேறியதோடு இரண்டும் போயின. 1975இல் சிக்கிம் இந்தியாவோடு இணைந்ததும் அதுவும் போயிற்று. ஐ.நா. ஆவணங்களைப் புரட்டித் தெரிந்துகொள்ளும் அரசியல் வரலாற்றை இவர்கள் அழைப்புக் குறிகளில் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

கிரீஸில் ஆதோஸ் மலை என்று துறவிகளின் தன்னாட்சிப் பகுதி உண்டு; பட்டியலில் அதுவும் ஒரு நாடு. பெண்கள் அங்கே காலடி வைக்கக்கூடாது. ஆகவே எந்தப் பெண்ணும், பெடர்சனைப் போல எத்தனை ஆண்டு அலைந்தாலும், அந்த மண்ணை மிதித்துக் கணக்கில் சேர்க்க முடியாது. வானொலியில் அந்தத் தடை இல்லை. அப்போலோ என்ற துறவி பல ஆண்டுகள் தன் மடத்திலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். உலகத்து ஹாம்களில் பெரும்பாலோருக்கு ஆதோஸ் மலை கிடைத்தது அவரால்தான். அவர் 2019இல் காலமானார்.

இனி அறிவியலுக்கு வருவோம். ஒளியைப் போலவே வானொலி அலையும் நேர்கோட்டில் போவது. பூமியோ உருண்டை. திருவனந்தபுரத்தில் புறப்படும் அலை அடிவானத்தைத் தாண்டியதும் விண்வெளிக்குப் போய்த் தொலைய வேண்டும். 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய சமிக்ஞையை அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தபோது விஞ்ஞானிகள் தலையைச் சொறிந்தார்கள். மறு ஆண்டே கென்னலி, ஹெவிசைடு ஆகிய இருவர் தனித்தனியாக ஒரு விடை சொன்னார்கள்: மேலே மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும், அதுதான் அலையைத் திருப்பி அனுப்புகிறது. அது உண்மையிலேயே இருக்கிறது என்று 1924இல் ஆப்பிள்டன் சோதனையில் காட்டினார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அடுக்குதான் அயனி மண்டலம். சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்று அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அந்த எலக்ட்ரான் கூட்டத்துக்குள் நுழையும் சிற்றலை சிறுகச் சிறுக வளைந்து கீழே இறங்குகிறது. உச்சியில் உள்ள எஃப் அடுக்கு 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் ஒரே தாவலில் அலை 3,000, 4,000 கிலோமீட்டர் போய்விடும். பிறகு கடலில் மோதி எழும்பி அடுத்த தாவல். நடுவில் ஒரு வில்லனும் உண்டு. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள டி அடுக்கு பகலில் தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அது கலைந்துபோகும். ஆகவே 7 மெகாஹெர்ட்ஸில் தொலைதூரத்துக்கு இரவு, 28 மெகாஹெர்ட்ஸில் பகல். பஞ்சாங்கம் பார்ப்பவர் நல்ல நேரம் பார்ப்பதற்குக் கொஞ்சமும் குறையாத சிரத்தையோடு ஹாம்கள் சூரிய உதயமும் அஸ்தமனமும் பார்ப்பார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து பூமியைத் துளைத்து நேரே இறங்கினால் பசிபிக் பெருங்கடலில், ஈஸ்டர் தீவுக்கும் காலபகோஸுக்கும் நடுவே தண்ணீரில்தான் வெளியே வருவோம். 77 டிகிரி கிழக்கில் நாம் இருக்கிறோம். நமக்கு நேர் எதிர்க்கோடு மெக்சிகோ, டெக்சாஸ் வழியாக வடக்கே ஏறுகிறது. அதனால் டெக்சாஸுக்குக் குறுக்குவழி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. வடதுருவத்தின் தலைக்கு மேலாகப் போகிறது. துருவ ஒளி ஆடும் அந்தப் பகுதியில் அலை வெகுவாக மங்கிவிடும். தென்னிந்திய ஹாம்களுக்கு அமெரிக்காவின் மேற்குப் பகுதி கடினமானதற்கு இதுவே காரணம். நாள் பார்த்துக் காத்திருந்தால் ஒரு வழி திறக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இங்கே பொழுது விடியும் அதே கணத்தில் எதிர்க்கோட்டில் பொழுது சாய்கிறது. பகலும் இரவும் சந்திக்கும் விளிம்பு இரண்டு இடங்களையும் இணைத்தபடி துருவம் வழியாக ஓடுகிறது. அந்த விளிம்பில் டி அடுக்கு மெலிந்திருக்கும், எஃப் அடுக்கு இன்னும் கலையாமல் இருக்கும். சில நிமிடங்கள் டெக்சாஸ் பக்கத்து வீட்டுக் குரல் போலக் கேட்கும். பிறகு வெறும் இரைச்சல்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். திருவனந்தபுரத்து வானத்துக்கென்று ஒரு தனிக் கதை உண்டு. இந்த ஊர் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே காந்த ஊசியைத் தடையின்றித் தொங்கவிட்டால் மூக்கைத் தரையில் குத்தாமல் கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும்.

இந்த இருப்பிடத்தின் மதிப்பு, ஊருக்கு ராக்கெட் தளம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருந்தது. நமக்குக் கீர்த்தனைகளால் அறிமுகமான சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வகம் அமைத்தார். முதல் இயக்குநர் ஜான் கால்டெகாட். அவருக்குப் பின் 1852இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரௌன் வந்தார். மனிதர் ஒரு தவசி. ஊரில் காந்த ஊசியின் அசைவை நாள் தவறாமல் குறித்தது போதாதென்று, பொதிகைக்கே ஏறிவிட்டார். அகத்தியர் இருப்பதாக நாம் நம்பும், 1,868 மீட்டர் உயர அகத்தியமலை உச்சியில் 1855இல் ஒரு காந்த ஆய்வுக்கூடம் கட்டினார். யானையும் அட்டையும் மழையும் உள்ள காட்டைக் கடந்து கருவிகளைத் தலைச்சுமையாக ஏற்றி, மலையுச்சியிலும் அடிவாரத்து நகரிலும் ஒரே நேரத்தில் ஊசி எப்படி அசைகிறது என்று பார்த்தார். பூமியின் காந்தத்தில் ஏற்படும் மாற்றங்கள் ஒரு ஊரோடு நிற்பவை அல்ல, பூமி முழுதும் ஒன்றாக நேர்பவை என்றும், ஏறக்குறைய 26 நாளுக்கு ஒருமுறை திரும்பி வருபவை என்றும் அவர் கண்டார். சூரியன் தன்னைத்தானே சுற்றும் காலக் கணக்கு அது. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைத் தொடங்கியதில் முன்னின்றவரும் அவரே. அந்த வளாகத்து மிருகக்காட்சி சாலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

காந்த நடுக்கோட்டுக்கு அருகில் மட்டும் நண்பகலில் ஊசி ஏன் இவ்வளவு அதிகமாக ஆடுகிறது என்பதற்கு இருபதாம் நூற்றாண்டில்தான் விளக்கம் வந்தது. தரையிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டி, சில நூறு கிலோமீட்டர் அகலத்தில் பகல் முழுதும் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. காந்தக் கோடுகள் இங்கே கிடையாகப் படுத்திருப்பதால் மேலும் கீழும் பாய முயலும் மின்னூட்டம் தடைபட்டுத் தேங்கி, பக்கவாட்டு ஓட்டத்தைப் பலமடங்கு பெருக்கிவிடுகிறது. 1951இல் சிட்னி சாப்மன் இதற்கு மின்தாரை என்று பொருள்படும் பெயர் வைத்தார். திருநெல்வேலியில் உள்ள காந்த ஆய்வகத்தின் அளவிலிருந்து மும்பைக்கு அருகே அலிபாக் ஆய்வகத்தின் அளவைக் கழித்தால் அன்றைய மின்தாரையின் வலு தெரிந்துவிடும். நெல்லையும் கன்னியாகுமரியும் திருவனந்தபுரமும் பகல் முழுதும் இந்த மின்னாற்றின் அடியில்தான் கிடக்கின்றன. நமக்கு வெயில் மட்டும்தான் தெரிகிறது.

தும்பா ராக்கெட் தளம் பிறந்தது இந்த வானத்தை ஆராயத்தான். விக்ரம் சாராபாயும் ஹோமி பாபாவும் ராக்கெட் தளத்துக்கு இடம் தேடியபோது, திருவனந்தபுரத்தை ஒட்டி, காந்த நடுக்கோடு கடந்துபோகும் இந்த மீனவக் கிராமம் கண்ணில் பட்டது. பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரைரா சம்மதித்து, மக்களிடம் எடுத்துச் சொல்லி, புனித மகதலேனா மரியாள் தேவாலயத்தை விட்டுக்கொடுத்தார். அந்தத் தேவாலயமே அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 மாலை அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் பிரான்ஸ் கொடுத்த சோடியம் ஆவிக் கருவியோடு கிளம்பியது. மேல்வளியில் காற்று எப்படி வீசுகிறது என்பதை அந்த ஆவிப் புகை காட்டியது. ராக்கெட்டை ஒருங்கிணைத்தவர்களில் ராமேசுவரத்து அப்துல் கலாமும் இருந்தார். 1968 பிப்ரவரி 2 அன்று இந்திரா காந்தி இத்தளத்தை ஐ.நா. சபைக்கு அர்ப்பணித்தார். அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரான்ஸ், பிரிட்டன் என்று நாடுகளே கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்த ஊர் இது.

காந்த நடுக்கோட்டின் இன்னொரு விளையாட்டு மாலையில் நடக்கும். பகலில் இங்கே உருவாகும் எலக்ட்ரான்கள் மின்புலத்தால் மேலே உந்தப்பட்டு, காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் சரிந்து, நடுக்கோட்டிலிருந்து சுமார் 15 டிகிரி தள்ளிப் போய்க் குவிகின்றன. வடக்குக் குவியல் குஜராத், மத்தியப் பிரதேசம் பக்கம். எலக்ட்ரானை உற்பத்தி செய்வது நாம், அனுபவிப்பது அகமதாபாத்! சூரியன் மறைந்ததும் எஃப் அடுக்கு சட்டென்று மேலெழும்பும், அடியில் குமிழிகள் கிளம்பும். அந்த நேரத்தில் வானொலியில் வரும் குரல்கள் மின்விசிறிக்கு முன்னால் நின்று பேசுவது போல நடுங்கும். உங்கள் கைப்பேசி நம்பியிருக்கும் ஜி.பி.எஸ். சமிக்ஞையையும் இதே குமிழிகள் தடுமாற வைக்கும். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் இதைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது.

இயற்கை ஒத்துழைத்தாலும் மனிதர் ஒத்துழைக்க வேண்டுமே. வடகொரியா எல்லோரும் தேடும் நாடு. 2001-02இல் ஐ.நா. உலக உணவுத் திட்டத்தில் அங்கே பணியாற்றிய ஜார்ஜியா நாட்டுக்காரர் ஒருவருக்கு அனுமதி கிடைத்து, ஒற்றை ஆளாக உலகத்துக்கே வடகொரியாவைக் கொடுத்தார். பிறகு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தென்சீனக் கடலில் ஸ்கார்பரோ திட்டு என்று நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தலைகாட்டும் சில பாறைகள். 2007இல் ஹாம்கள் ஆளுக்கொரு பாறையில் பலகைத் தட்டி அமைத்து, மேலே நிழலுக்குத் துணி கட்டி, ஜெனரேட்டரோடு உட்கார்ந்து பேசினார்கள். சீனாவும் பிலிப்பைன்ஸும் மோதிக்கொள்ளும் இடம் அது. இன்று நினைத்தும் பார்க்க முடியாது.

அந்தமானும் அப்படித்தான் நெடுங்காலம் எட்டாத நாடாக இருந்தது. ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் ஒரு குழுவோடு 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தார். உலகமே வரிசையில் நின்று 'ஐம்பத்தொன்பது' வாங்கிக்கொண்டிருந்தது. டிசம்பர் 26 காலை தரை ஆடியது, சுனாமி வந்தது. தொலைபேசிகள் ஊமையான தீவுகளில் அதே கருவி பிழைத்தவர்களின் செய்தியை உறவினர்களுக்குச் சொல்லும் குரலாக மாறியது. நாடுகளை எண்ணுவது கிறுக்குத்தனம் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: அன்று அங்கே ஆன்டெனா நின்றதே அந்தக் கிறுக்கால்தான்.

திருவனந்தபுரத்தில் உருவான பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 2005 மே 5 அன்று ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. 2014 வரை அது உழைத்தது. இப்போது வேட்டையின் போக்கை மாற்றியிருப்பது எஃப்.டி.8 என்ற கணினி முறை. 2017இல் இதை வெளியிட்டவர்களில் ஒருவரான ஜோ டெய்லர் இயற்பியலில் நோபல் பெற்றவர். காதுக்கே எட்டாத சமிக்ஞையையும் 15 நொடித் துண்டுகளாகப் பிரித்துப் படித்துவிடும். நாடுகள் மளமளவென்று சேர்கின்றன. அறிவியலாக இது அபாரம். ஆனால் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள, மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில் எனக்குச் சுவை இல்லை. பெடர்சனைப் போல மண்ணை மிதிக்க முடியாத இந்த வேட்டைக்கு இருக்கும் ஒரே பெருமை, அந்தப் பக்கம் ஒரு மனிதர் பதில் சொல்லாமல் எந்த நாடும் கணக்கில் ஏறாது என்பதுதான்.

ஆர்வம் இருப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். 12 வயது நிரம்பியிருந்தால் மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதலாம்; அடிப்படை மின்னணுவியலும் வானொலி விதிகளும்தான் பாடம். அவசரத்துக்குக் காரணம் சூரியன். சூரியக் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும்; அவை பெருகியிருக்கும்போதுதான் அயனி மண்டலம் உயர்ந்த அலைவரிசைகளையும் நன்றாகத் திருப்பி அனுப்பும். இப்போதைய 25ஆவது சுழற்சி 2024இல் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. 28 மெகாஹெர்ட்ஸில் சிறிய கருவியோடு கண்டங்களைத் தொட இன்னும் சில ஆண்டுகளே உண்டு. அதற்குப் பின் அடுத்த உச்சத்துக்கு 2030களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டும்.